ஒன்று ஐம்பதுக்குத் திறக்காத பக்கம்

நான் உருவாக்கிய இணையப் பக்கம் முதன்முறையாக முடங்கியது ஒரு புதன்கிழமை பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு. ஒன்று ஐம்பத்தெட்டுக்குத் தானாகவே எழுந்துகொண்டது. வேறோர் ஊரில் அந்த எட்டு நிமிடங்களை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் எங்களுக்கு அந்த எட்டு நிமிடம்தான் ஒரு நாள் வேலை.

எங்கள் பகுதியில் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் ஒப்பந்தத்தில் அன்றாடம் போகிறவர்கள். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்டு. ஷிப்டு தொடங்கச் சற்று முன் ஒவ்வொரு கம்பெனியின் கேட்டிலும் சூப்பர்வைசர் வெளியே வந்து, வராதவர்களின் இடத்துக்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை பேரை மட்டும் உள்ளே அனுப்புவார். ஒரு கேட்டில் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அடுத்த கேட்டுக்கு நடந்து சேர்வதற்குள் அங்கும் கதவு மூடியிருக்கும். என் பாட்டனார் காலத்தில் பிறர் வயலில் கூலி செய்த குடும்பம் எங்களுடையது. அம்மா கேட்டில் நிற்கத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நான் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி.

கணினிப் பயன்பாட்டில் பட்டம் முடித்தபின், காக்களூர்த் தொழிற்பேட்டையின் சிறு நிறுவனங்களுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துவந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் எங்கள் தொழிற்பேட்டைக்கென ஒரு டைரக்டரியை அமைத்தேன். எந்தக் கம்பெனியின் கேட் எந்தச் சாலையில் இருக்கிறது, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, குடிக்கத் தண்ணீர் வைக்கிறார்களா, சூப்பர்வைசர் மரியாதையாகப் பேசுகிறவரா என்பவற்றையெல்லாம் வேலைக்குப் போய்வந்த பெண்களே எழுதினார்கள். அடுத்த ஷிப்டுக்கு எத்தனை பேர் தேவை என்பதைச் சூப்பர்வைசர்கள் தங்கள் கைப்பேசியிலிருந்து பதிவு செய்தார்கள். ஆள் குறைந்தால் வசவு வாங்குகிறவர்கள் அவர்கள் என்பதால், இதில் அவர்களுக்கும் அக்கறை இருந்தது. தளத்தை இணையத்தில் வைப்பதற்கான ஆண்டுச் சந்தாவைப் பெண்களின் சுய உதவிக் குழு ஏற்றுக்கொண்டது.

அதை நான் ஷேர்டு ஹோஸ்டிங்கில் வைத்திருந்தேன். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான தளங்கள் சேர்ந்திருக்கும் ஏற்பாடு அது. இயந்திரத்தை நிறுவனம் கவனித்துக்கொள்ளும். நமக்குப் பராமரிப்பு வேலை இல்லை. அதற்கு ஈடாக, ஒவ்வொரு தளமும் ஓர் அளவுக்குமேல் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றரை ஆண்டு அந்த அளவை நான் நினைத்துப் பார்க்க நேர்ந்ததேயில்லை. ஏனென்றால், அம்மா போகும் வேனில் அம்மா ஒருவர்தான் பக்கத்தைத் திறப்பார். தலையை உயர்த்தி, வேன் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார்: "பாட்டில் கம்பெனி நாலு பேரு. பெயிண்டு கம்பெனி வேணாம். அட்டைப்பொட்டி ஏழு பேரு, டாய்லெட்டு கீது." யார் எங்கே இறங்குவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள். மற்ற வேன்களிலும் இதே பழக்கம் பரவியது. ஒரு வேனுக்கு ஒரு கைப்பேசி. என் தளம் அந்தச் சிறிய அளவுக்குள் இயங்கியதற்குக் காரணம் என் திறமை என்று நான் நம்பியிருந்தேன்.

அந்தப் பழக்கத்தை உடைத்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் அத்தை. உறவில்லை, பிறந்ததிலிருந்து அத்தை என்றே கூப்பிடுகிறேன். ஒரு நாள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஓரிடம்தான் மிச்சம் என்று வாசித்துவிட்டு அம்மாவே அங்கே இறங்கினார். மறுநாள் வேன் கிளம்பியதுமே அத்தை ஆரம்பித்துவிட்டாராம்.

"லிஸ்ட்டு செய்யறது உம் பொண்ணு, படிக்கிறது நீ. நல்ல கேட்டு எல்லாம் உன் வாயில வர்றதுக்குள்ள எங்க போவுது?"

"எங்கயும் போவல. இந்தா, நீயே பாத்துக்க."

"பாக்கத்தான் போறேன். எங்கையிலயும் போன் கீது."

அன்றிலிருந்து அம்மா வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். வேனில் இருந்த அத்தனை பேரும் தங்கள் கைப்பேசியைத் திறந்தார்கள். சந்தேகம் எந்தச் செய்தியையும்விட வேகமாகப் பரவக்கூடியது. ஒரே வாரத்தில் எல்லா வேன்களிலும் எல்லாரும் திறந்தார்கள். பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால் அதை மூடி மறுபடியும் திறந்தார்கள். அந்தப் புதன்கிழமை ஒன்று ஐம்பதுக்குப் பக்கம் முடங்கிய கதை இதுதான்.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியவர் பொறுமையானவர்.

"மேடம், ஷேர்டு பிளான்ல ஒரே டைம்ல இருபது பேர் வரைக்கும்தான். அதுக்கு மேல போனா சிஸ்டம் நிறுத்திடும். இல்லன்னா பக்கத்துல இருக்கற சைட்டுங்களும் படுத்துடும் பாருங்க."

"பத்து நிமிஷத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டித் தர முடியாதா?"

"முடியாது மேடம். நீங்க வி.பி.எஸ். போயிடுங்க. அங்க யாரும் உங்கள நிறுத்த மாட்டாங்க."

"அதுவா நின்னுட்டா?"

"அது உங்க சர்வர் மேடம். நீங்கதான் பாத்துக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வி.பி.எஸ். என்பது ஒரு பெரிய இயந்திரத்தில் நமக்கென்று தடுத்து ஒதுக்கப்பட்ட பகுதி. அதன் நினைவகத்தை வேறு எவரும் தொட முடியாது. அதே நேரம், அதை வெறுமையாகத்தான் தருவார்கள். மென்பொருளை நிறுவுவது, வாரந்தோறும் அதன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது, நகல் எடுத்து வைப்பது, வெளியிலிருந்து நுழையப் பார்ப்பவர்களைத் தடுப்பது எல்லாம் நம் பொறுப்பு. அவற்றை நிறுவனமே செய்து தரும் திட்டமும் இருந்தது. அதன் கட்டணம் சுய உதவிக் குழுவின் சக்திக்கு எட்டாது. ஆகவே இடைவழி ஒன்றை முயன்றேன். ஷேர்டிலேயே இருந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடாமல், நிமிடத்துக்கு ஒரு தடவை தயாரித்த பக்கத்தையே எல்லாருக்கும் காட்டும்படி மாற்றினேன். பக்கம் முடங்கவில்லை. ஆனால் இடம் நிரம்பிய பின்னும் அந்த ஒரு நிமிடம் "நாலு பேர்" என்றே காட்டியது. அதை நம்பி இறங்கிய பதினோரு பெண்கள் பாட்டில் கம்பெனி கேட்டிலிருந்து திரும்பி நடந்தார்கள். திறக்காத பக்கத்தைவிடப் பொய் சொல்லும் பக்கம் கொடியது என்று அன்று மாலையே அந்த ஏற்பாட்டை நீக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வி.பி.எஸ்.ஸுக்கு மாறினேன். மறுநாள் ஒன்று ஐம்பதுக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நூறு பேர், இருநூறு பேர் வந்தார்கள், பக்கம் அசையவில்லை. அன்று மாலை அத்தையே வாசலில் வந்து நின்று, "பட்டுனு தொறக்குதுடி, நல்லா இருப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாழ்த்து என் மேல் ஒரு தாழ்ப்பாளைப் போல விழும் என்று நான் எண்ணவில்லை.

முதல் வாரத்திலேயே, உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ சர்வரின் கடவுச்சொல்லை ஊகித்து நிமிடந்தோறும் முயன்றுகொண்டிருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் டைரக்டரியைத் திருடுவதற்காக யாரும் மெனக்கெடவில்லை. திறந்திருக்கும் எந்தக் கதவும் அவர்களுக்குப் போதும். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சூப்பர்வைசர்களைப் பற்றிப் பெண்கள் எழுதிய குறைகள் அவரவர் கைப்பேசி எண்ணோடு அங்கே இருந்தன. அவை வெளியானால் யார் யாருக்கு எந்தெந்தக் கேட் நிரந்தரமாக மூடப்படும் என்பதை என்னால் பெயர் சொல்லிக் கணக்கிட முடியும். எனவே ஷிப்டு நேரங்களில் மட்டுமின்றி இடையிலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் என் அப்பா, நாங்கள் கூப்பிடும்படி நைனா, ஒரு நாள் காலை நாஷ்டா தட்டோடு என் எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "நான் ஒரு ஷிப்டு பாத்துட்டு ஊட்டுக்கு வந்துடறேன். நீ இன்னா மூணு ஷிப்டும் பாக்குற? ஓவர்டைமாவது குடுக்கறாங்களா?"

பொன்னேரியில் பெரியம்மா மகளின் திருமணத்தன்று, சர்ச்சில் போதகர் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது. சர்வரில் எழுதுவதற்கு இடமில்லை. வந்துபோனவர்களின் குறிப்புகளையெல்லாம் அது சேர்த்து வைத்துத் தன்னைத்தானே நிரப்பிக்கொண்டிருந்தது. அவற்றைத் தானாக அழிக்கும் ஏற்பாட்டைச் செய்ய மறந்தது என் பிழை. இரண்டு மணி ஷிப்டுக்கு நேரமிருந்தது. ஆனால் என் இதயம் அதை ஏற்கவில்லை. கடைசி பெஞ்சில் மடிக்கணினியைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு குனிந்து வேலை செய்தேன். வெளியே வந்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலை குனிஞ்சி கீறியே, ஜெபம் பண்றன்னு நெனச்சி பூரிச்சுப் போயிட்டன்டி. நீ டைப் அடிச்சிக்கினு கீற!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணமக்களோடு எடுத்த குடும்பப் படத்தில் நான் இல்லை.

இந்த நிலையில்தான் அந்தக் கடிதம் வந்தது. சமூகப் பணி முதுகலைப் படிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இடம் கிடைக்காமல், மூன்றாம் முறை கிடைத்திருந்தது. வெளி மாநிலத்தில் விடுதியோடு கூடிய இரண்டு ஆண்டுப் படிப்பு. முதல் பருவத்தில் நாற்பது நாள் களப்பணி. மலைக் கிராமங்களில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது, அதற்கு ஆயத்தமாக வர வேண்டும் என்று அச்சிட்டிருந்தார்கள். ஒப்புதல் அனுப்ப மூன்று வாரம் அவகாசம். நான் அதை யாரிடமும் காட்டவில்லை. எந்த மக்களுக்காக அந்தப் படிப்பை நாடினேனோ, அந்த மக்களுக்கு நான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒன்றுதான் என்னை விடாமல் பிடித்து வைத்திருந்தது. இதில் யாரைக் குறை சொல்வது என்றும் தெரியவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பனிடம், சர்வரைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டேன்.

"தாயே, பாஸ்வேர்ட மட்டும் அனுப்பிடாத. அது எங்கிட்ட வந்துச்சுன்னா ரெண்டு மணிக்கு உங்க ஊரு அக்காங்க எல்லாம் எனக்கு போன் பண்ணுவாங்க. இங்க ஒரு மேனேஜர் பத்தாதா எனக்கு?"

விளையாட்டாகச் சொன்னாலும் அது மறுப்புதான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை.

மூன்றாம் வாரத்தில் என் கணக்கு ஒரு முடிவுக்கு வந்தது. பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் வி.பி.எஸ். நல்லது. ஆளில்லாத வி.பி.எஸ்.ஸில் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். நாற்பது நாளில் அந்தப் பெண்களின் எண்கள் யார் கைக்கும் போகலாம். ஷேர்டில் ஒன்று ஐம்பதுக்குப் பக்கம் முடங்கும். ஆனால் இயந்திரத்தை யாரோ காப்பார்கள், எண்கள் பத்திரமாக இருக்கும். ஆகவே திரும்பவும் ஷேர்டுக்கே போவது. பழையபடி ஒரு வேனுக்கு ஒருவர் வாசிப்பது. காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது நியாயமாகவே இருந்தது. இதை நேரில் சொல்வதே முறை என்று, ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றே காலுக்கு அம்மாவோடு வேனில் ஏறினேன்.

ஓட்டுநருக்குப் பின்னால் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினேன். நினைவகம், பாதுகாப்பு, எச்சரிக்கை என்று நான் எடுத்த சொற்கள் எல்லாம் அந்த வேனுக்குள் கனமாகத் தொங்கின. பேசி முடித்ததும் பின்னிருக்கையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"அப்ப இனிமே தொறக்காதா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல தொறந்தா தொறக்காதுக்கா. ஒருத்தர் தொறந்து படிச்சா தொறக்கும்."

"இப்ப நல்லாத்தான கீது? நல்லா கீறத எதுக்கும்மா கெடுக்கற?"

"பாதுகாப்பு இல்லக்கா. ஓட்டை ஏதாவது வந்தா அடைக்கணும்..."

"வந்தா அடை. நீதான் கீறியே."

ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏய், சும்மா அவள நோண்டாதீங்க. அவ போறா."

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"போறன்னு சொல்லு. அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சர்வர் கதை?" என்றார் அத்தை.

மூன்று வாரமாக எடை போட்டுப் பார்த்ததில், அந்த ஒரு சொல்லை மட்டும் நான் தராசில் வைக்கவேயில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. "ஆமா அத்த. படிக்கப் போறேன். ரெண்டு வருஷம். இன்னும் முடிவு பண்ணல" என்றேன். கடைசி வாக்கியம் அம்மாவுக்காகச் சொன்னது. அம்மா சாலையைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா!" என்றார் ஒருவர். "நம்ம புள்ள போனா நம்ம வேணாம்னா சொல்லப் போறோம்?" என்றார் இன்னொருவர். "வேணாம்னு சொல்லல, பேஜாரா கீதுன்னுதான் சொல்றேன்" என்று மூன்றாமவர் சேர்ந்துகொண்டார். யார் வாசிப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் வெளியே பார்த்தார்கள். முடிவில் அத்தையே எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீயே படி. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினு இருப்பேன். ஒண்ணு உட்டாலும் கத்துவேன்."

"கத்து. உனக்கு வேற இன்னா தெரியும்?" என்றார் அம்மா.

அன்றிரவு கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தளத்தைப் பழையபடி ஷேர்டுக்கு மாற்றி, வி.பி.எஸ்.ஸை முற்றாக அழித்தேன். திங்கட்கிழமை ஒப்புதல் அனுப்பக் கடைசி நாள். எங்கள் வேனில் ஒப்புக்கொண்டதை மற்ற வேன்களும் பின்பற்றும் என்று நான் நம்பியிருந்தேன். அன்று ஒன்று நாற்பத்தொன்பதுக்குப் பக்கத்தைத் திறந்தேன், திறந்தது. ஒன்று ஐம்பதுக்குத் திறக்கவில்லை. இருபது பேர் என்ற அந்த வரம்பு மறுபடியும் குறுக்கே நின்றது. மற்ற வேன்களில் யாரும் யாரையும் நம்பத் தயாராக இல்லை. முன்பானால் என் விரல்கள் உடனே எதையாவது திருத்தப் போயிருக்கும். இப்போது திருத்துவதற்கு என் கையில் எதுவும் இல்லை. நான் உதவி எண்ணை அழைக்கவும் இல்லை.

இரண்டே முக்காலுக்கு அம்மா வீட்டுக்குள் வந்தார். காலில் செம்மண். சாப்பாட்டுப் பை திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. முகம் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, புளிச்சோற்றில் பாதியை மூடியில் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"உன் பக்கம் தொறக்கல."

"பாத்தேன் மா."

"படிக்கறதுக்கு நான் தயாரா ஒக்காந்துகினு கீறேன், அவ பக்கத்துல காவலுக்கு ஒக்காந்துகினு கீறா, படிக்க ஒண்ணுமில்ல. தோராயமா பெயிண்டு கம்பெனில எறங்கினோம். வேணாம்னுட்டான். அங்கேர்ந்து நடை." ஒரு வாய் உண்டபின் சொன்னார்: "வழி நெடுவ திட்டிக்கினே வந்தேன். உன்னயும் சேத்துத்தான்."

வி.பி.எஸ். ஒன்றை மறுபடியும் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மாலைக்குள் நிறுவிவிடலாம். நகல் இருக்கிறது. நாளை இரண்டு மணிக்கு அம்மா நடக்க வேண்டியிருக்காது. நாளை மறுநாளும் இருக்காது. அப்படியே இரண்டு ஆண்டு. கைப்பேசியை எடுக்கச் சோற்றுக் கையோடு எழுந்தேன்.

"அந்தக் கடுதாசிய அனுப்பிட்டியா?" என்றார் அம்மா.

"இன்னும் இல்ல மா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் நடந்தது வீணா?"

கையைக் கழுவிவிட்டு வந்து அனுப்பினேன். அனுப்பியதும் நெஞ்சு லேசானது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நிகழவில்லை. அதுவரை போக முடியாமல் என்னைக் கட்டி வைத்திருந்தது அம்மாவின் வேலை. இப்போது போகாமல் இருக்க முடியாதபடி கட்டியது அம்மாவின் நடை. ஒப்புதல் கிடைத்தது என்ற பதில் சில நொடிகளிலேயே வந்தது; கணினி அனுப்பும் பதில்.

அம்மா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். "காலைல ஆறு மணி ஷிப்டுக்காவது தொறக்குமா அது?"

"தெரியல மா. நெறைய பேரு தொறந்தா தொறக்காது."

"சரி" என்றார். தம் கைப்பேசியை எடுத்தார். வேன் ஐந்தே காலுக்கு வரும். அதற்குக் காத்திருக்காமல் நடந்தே போய் முதல் ஆளாகக் கேட்டில் நிற்பதற்காக, நாலு மணிக்கு அலாரம் வைத்தார்.